நல்ல பெயர் வாங்கிய நாள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் மகளைப் பள்ளியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். வேலை பார்க்கும் மருந்துக்கடையில் நின்ற கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். மணி அடித்ததும் பேத்தி சிட்டு பெஞ்சுக்கு அடியில் படுத்து, காதைப் பொத்திக்கொண்டு கத்தினாளாம். அவளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு டீச்சர் என்னதான் செய்வார்? பக்கத்தில் ஒரு துணையாள் இருந்தால் சிட்டு சமாளித்துவிடுவாள். துணையாள் இல்லாமல் இனி வைத்துக்கொள்ள முடியாது என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, பிள்ளையைப் பார்த்து, சரியென்றால்தான் தருவார்களாம்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் பேசப் பேச, மகளின் பழைய போன் எழுதிக்கொள்கிறது. மனசில் கிடப்பது இறங்கினால் சரி.

மார்ச் 11, செவ்வாய்

"இன்னொரு தடவை இப்படி ஓடினா வீட்டுலயே இருந்துக்கம்மா" என்றாராம் கடை முதலாளி. மகள் சாப்பிடவில்லை.

மார்ச் 27, வியாழன்

நாளை கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வருகிறார். மத்தியானம் முழுக்கச் சிட்டுவோடு உட்கார்ந்திருந்தேன். நிறம், மிருகம், எண்ணிக்கை எல்லாம் சொல்கிறாள். முதுகில் என் கையை அழுத்தி வைத்தால் அசைய மாட்டாள். மூட்டை தூக்கிய கை, கனம். அந்தக் கனம் அவளுக்குப் பிடிக்கும்.

மார்ச் 28, வெள்ளி

பள்ளியில் ஒரு தனி அறை. மணிச் சத்தமே கேட்கவில்லை. "தாத்தாவும் கூட இருக்கட்டும்" என்றார் அந்த அம்மா. முதுகில் கை வைத்துக்கொண்டேன். கேட்டதற்கெல்லாம் சிட்டு பதில் சொன்னாள். "கெட்டிக்காரி!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எனக்கே இத்தனை மார்க் வந்ததில்ல மாமா" என்று மாப்பிள்ளை சிரித்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. ஏன்?

ஏப்ரல் 10, வியாழன்

துணையாள் தேவையில்லை என்று பதில் வந்துவிட்டது. பிள்ளை நன்றாக இருக்கிறாளாம்.

"அவ படுற பாட்டப் பாக்கத்தானேப்பா அவங்க வந்தாங்க? நீங்க ஏம்ப்பா உள்ள போனீங்க?" என்றாள் மகள். பிறகு அவளே, "நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க" என்று அழுதாள்.

யாராவது வந்தால் பிள்ளைக்குத் தலை சீவி, நல்லதைக் காட்டுவதுதானே வழக்கம்? நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கப்போய் அவ வாயில மண்ணப் போட்டுட்டேனே —

ஏப்ரல் 24, வியாழன்

மகள் அலைந்து திரிந்து மறுபடி கேட்டிருக்கிறாள். இந்த முறை, லீவு முடிந்து பள்ளி திறந்ததும், வகுப்பிலேயே உட்கார்ந்து பார்ப்பார்களாம். நான் வாசலோடு திரும்பிவிட வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

நான்தான் கூட்டிப்போனேன். டீச்சரிடம் விட்டுவிட்டு வெளியே நின்றேன்.

மணி அடித்தது. சிட்டு கத்த ஆரம்பித்தாள். பிறகு "தாத்தா! தாத்தா!"

காவலாளி என்னைப் பார்த்தார். "பெரியவரே, உங்களத்தானே கூப்புடுது? போங்க, நான் ஒண்ணும் சொல்லல."

போகவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கத்தட்டும், அந்த அம்மா காதுல நல்லா விழட்டும்னு நெனச்சேன். எந்தத் தாத்தனாவது இப்படி நெனப்பானா? சீ.

குரல் கம்மிப் போகிறவரை கூப்பிட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

துணையாளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். சிட்டு என் பக்கமே வரவில்லை.

ஜூன் 30, திங்கள்

துணையாள் இன்று வந்துவிட்டாள். சின்னப் பெண். மணி அடிக்கும் முன்பே சிட்டுவை வெளியே கூட்டிப்போய், சத்தம் அடங்கியதும் உள்ளே கொண்டுவந்தாளாம். பள்ளியிலிருந்து போன் வரவில்லை. மகள் நாள் முழுக்கக் கடையில் இருந்தாள்.

இனி மகள்தான் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவாள். அவள் கூப்பிட்டும் நான் போகாத அன்றிலிருந்து, வெளியே கிளம்பச் சட்டையை எடுத்தாலே சிட்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். அதனால் அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பனியனோடு உள்ளறையிலேயே இருந்தேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு போய்ப் பால் வாங்கி வந்தேன்.