மருந்து படாத நாலு வரிசை

ஜூலை 9
நிலக்கடலைப் பேரரசராகிய நாம் இன்று தன்னந்தனியாகக் களை எடுத்தோம். முதுகு வடகோடியிலும் இடுப்பு தென்கோடியிலும் கிடக்கின்றன. எடுத்து ஒட்டவைக்க ஆளில்லை.

மதியம் அக்கா மகள் வந்தாள். பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக வேலை. அக்கா போன பிறகு எனக்கென்று மிச்சம் இவள்தான். ஏதோ வளர்ச்சி ஊக்கியாம். தெளித்தால் பூ கொட்டாது, காய் பிடிக்கும் விழுது நிறைய மண்ணில் இறங்குமாம். என் வயலில்தான் சோதனை. கடைசி நாலு வரிசையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டினாள்.

“இதுக்கு வெறும் தண்ணிதான் மாமா. அப்பதான் ஒப்பிட்டுப் பாக்க முடியும். இது சரியா வந்தாதான் வேலையை நிரந்தரம் பண்ணுவாங்க. விளையாடிடாதீங்க.”

நானா? விளையாடுவேனா?

ஜூலை 12
முதல் தெளிப்பு. டேங்க்கை முதுகில் மாட்டியதும் தரையிலிருந்து ஒரு முழம் எழும்பிவிட்டேன். பக்கத்து வயல்காரர், “குனிஞ்சு அடிய்யா, காத்துக்கா மருந்து போடுற?” என்றார். இன்று என்னோடு பேசியவர் அவர் ஒருவரே.

ஜூலை 13
மழை இல்லை. போன் இல்லை.

ஜூலை 27
இரண்டாம் தெளிப்பு. வயல் முழுக்க மஞ்சள் பூ. சூரியனே கண் கூசி மேகத்துக்குள் ஒளிந்துகொண்டான். கயிற்றுக்குள் அந்த நாலு வரிசை மட்டும் யாரும் கூப்பிடாத விருந்தாளி மாதிரி. ஊருக்கெல்லாம் விருந்து, இதுங்களுக்கு வெறும் தண்ணியா? டேங்க்கில் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு.

அடிச்சுத் தொலைச்சுட்டேன். ஒரு சொட்டுதான் — இல்லை. நல்லா நனைய நனைய.

ஆகஸ்ட் 3
போன் செய்தாள். ஒரு செடியைப் பிடுங்க ரெண்டு யானை வேண்டும் என்றேன். சிரித்தாள். கயிற்றுக்குள் எப்படி என்றாள். பாவம், இருக்கின்றன என்றேன். அதில் பொய் இல்லை. உண்மையும் இல்லை.

ஆகஸ்ட் 4
சொன்னால் இந்தப் பக்கமே வரமாட்டாள். சொல்லாவிட்டால்? எல்லாம் ஒன்றுபோல் காய்த்து நிற்கும். ஊக்கியால் பலனில்லை என்று எழுதிக் கொடுத்து வேலையை இழப்பாள்.

ஆகஸ்ட் 5
சொல்லிவிட்டேன். யானை, பேரரசர் எதுவும் இல்லாமல்.

“ஏன் மாமா?”

“தனியா நின்னுச்சும்மா.”

போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 19
காய் பிடிக்கிறது. யாரிடம் சொல்ல?

செப்டம்பர் 25
அறுவடைக்கு வந்தாள். ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி, மண் உதறி, காய் எண்ணினாள். சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்துதான் பேசினாள். நிலையத்துக்கு முன்கூட்டியே தெரிந்ததால் இந்தச் சோதனையைக் கணக்கில் சேர்க்கவில்லையாம். இன்னொரு விதைப்புப் பட்டம் அவகாசமாம். வேறு வயல் பார்க்கச் சொன்னார்களாம்.

“பாத்தியா?”

“பாக்கல. விதைக்கிறதுல இருந்து பறிக்கிற வரைக்கும் நானே இங்க தங்கப் போறேன். டேங்க்கைத் தொட்டீங்க, கையை ஒடிச்சுருவேன்.”

செப்டம்பர் 26
மாடி அறையை அடைத்துக்கொண்டிருந்த ஒன்பதாயிரம் மூட்டைகளையும் ஒற்றை ஆளாகக் கீழே இறக்கினேன்.

மூன்று மூட்டைதான். ஜன்னல் இறுகிக் கிடக்கிறது. கீலுக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன்.