இருபத்திரண்டு விடைத்தாள்கள்

அபெமாமா
19 ஜனவரி 1996

அன்புள்ள மரேத்தா அண்ணிக்கு,

மவுரி, வணக்கம். தலைநகர் தராவாவில் மகன் வீட்டு வாசம் பழகிவிட்டதா? நீங்கள் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதும் நான்தான். மழைக்கு முன் கூரை மாற்றிவிட்டோம். கப்பல்காரரிடம் ஒரு போத்தல் கள்ளுப்பாகு கொடுத்திருக்கிறேன். குடிக்காமல் கொண்டுவந்து தருகிறாரா பாருங்கள்.

ஒரு செய்தியை எழுதாமல் தள்ளிப்போட்டேன். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டது. இருபத்திரண்டு பேரில் ஒருவரும் தேறவில்லை. வகுப்பில் எப்போதும் முதலாக வரும் நம் பைரேயும்தான். ஆங்கில வாசிப்புத் தாளில் பெரிய கேள்விக்கு எல்லோருக்கும் சுழியம்.

அவள் அப்பா தியோத்தி வந்தார். "தேறினா மேல படிக்கட்டும், இல்லன்னா கிரிஸ்மஸ் தீவுக்கு, என் தம்பி வீட்டுக்குப் போகட்டும்னு முன்னாடியே சொன்னேனே டீச்சர்" என்றார். கொப்பரை வெட்ட அங்கே ஆள் வேண்டுமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்,
தோவாக்கி


பெஷியோ, தராவா
6 பிப்ரவரி

தோவாக்கிக்கு,

பாகு வந்தது. முக்கால் போத்தல்தான் வந்தது.

உன் கடிதம் பார்த்த மறுநாளே தேர்வு அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரம் உட்காரவைத்த பிறகு, ஒரு பெண் பைரேயின் தாளை எடுத்துவந்தாள். இரண்டு மீனவர்களைப் பற்றி இரண்டு பத்திகள். கீழே 'காண்ட்ராஸ்ட்' செய்க என்று கேள்வி. பைரே ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறாள். இருவரும் விடியலில் கடலுக்குப் போகிறார்கள், இருவரும் பிள்ளைகளை நேசிக்கிறார்கள் என்று. ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்: "ஒத்துமைய யாரும்மா கேட்டா? வேத்துமையத்தானே கேட்டிருக்கு. உங்க பள்ளிக்கூடத்துல எல்லாருமே இப்படித்தான் எழுதியிருக்காங்க. யார் சொல்லிக்கொடுத்தது?"

சொல்லிக்கொடுத்தது நான்தான், தோவாக்கி.

"கம்பேர், காண்ட்ராஸ்ட் ரெண்டும் ஒண்ணுதான்." என் ஆசிரியர் எனக்கு அப்படித்தான் சொன்னார். முப்பத்தொரு வருஷம் நானும் அதையே கரும்பலகையில் எழுதினேன். முன்பெல்லாம் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகள்தான் வரும், அதனால் வெளியே தெரியவில்லை.

நீ பயிற்சிக் கல்லூரியில் படித்தவள். பக்கத்து வகுப்பில் இருந்தவள். உனக்குத் தெரியுமா, தெரியாதா? மறைக்காமல் எழுது.

மரேத்தா


அபெமாமா
27 பிப்ரவரி

அன்புள்ள அண்ணிக்கு,

தெரியும்.

போன வருஷம் ஜூன் மாதம். நம் இரண்டு வகுப்புக்கும் நடுவே பாய்த் தடுப்புதானே. நீங்கள் அந்தச் சொல்லை நடத்தியது எனக்கு நன்றாகவே கேட்டது. பைரே, "ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு டீச்சர் ரெண்டு வார்த்தை?" என்று கேட்டாள். நீங்கள் அவளை உட்காரச் சொன்னீர்கள்.

மதியம் சாப்பிடும்போது சொல்லிவிட நினைத்தேன். நீங்கள் மீனில் நல்ல துண்டை எடுத்து என் தட்டில் வைத்தீர்கள். அண்ணன் இறந்த பிறகும் என்னை உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டவர் நீங்கள். உங்களிடம் போய் எப்படிச் சொல்வது? நாளைக்கு என்று விட்டேன். மறுநாளும் அப்படியே. பிறகு தேர்வே வந்துவிட்டது.

உங்களுக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்றுதான் வாய் திறக்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

தோவாக்கி


பெஷியோ
15 மார்ச்

தோவாக்கி,

எனக்குத் தலைகுனிவு வந்திருந்தால் ஒரு மத்தியானத்தோடு போயிருக்கும். இரவு சாப்பாட்டுக்கு நாம் இருவரும் சிரித்திருப்போம். அந்த அளவுக்குக்கூட என்னை நீ நம்பவில்லை.

என் தவறு பெரியது. அதை நான் உன் தலையில் கட்டவில்லை. ஆனால் நான் தெரியாமல் செய்தேன்.

ஊர்க்கூடத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து, மரேத்தா தப்பாகச் சொல்லிக்கொடுத்தாள், பிள்ளைகள்மேல் குற்றமில்லை என்று சொல். பைரேயை இன்னொரு வருஷம் வைத்துக்கொள்ளத் தியோத்தியிடம் கெஞ்சு.

அதன் பிறகு எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்கமாட்டேன்.

மரேத்தா


அபெமாமா
9 ஏப்ரல்

அன்புள்ள அண்ணிக்கு,

ஊர்க்கூடத்தில் சொன்னேன். உங்களைப் பற்றி மட்டுமல்ல, என்னைப் பற்றியும். தியோத்தி மட்டும், "யார் தப்பா இருந்தா என்ன டீச்சர், கப்பல்ல பேரு எழுதியாச்சு" என்றார். இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் கேட்டும் அதே பதில்.

நேற்று கப்பல் வந்தது. பைரே பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள். நான் அருகில் போனதும், "காண்ட்ராஸ்ட்னா சரியான அர்த்தம் என்ன டீச்சர்?" என்று கேட்டாள்.

"ரெண்டுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு எழுதணும்" என்றேன்.

அவள் பாயை மறு கக்கத்துக்கு மாற்றினாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"அவ்வளவுதானா டீச்சர்?" என்றாள். பிறகு படகில் ஏறிவிட்டாள்.

தோவாக்கி