எத்தியாப்பட்டிக்குச் சாமை

1985, தை 8, திங்கள்
மலையில் காலையில் கடும் பனி. கரும்பலகை ஈரம், சாக்பீஸ் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்தது.
மதியம் பிள்ளைகளைக் கூப்பிட வந்த பெண்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டினேன். எத்தியோப்பியாவில் பஞ்சம். எலும்பும் தோலுமாக ஒரு குழந்தையின் படம். அவர்களில் சடச்சியக்கா பேப்பரை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தை 10, புதன்
பள்ளி வாசலில் இரண்டு மூட்டை சாமை, குத்திப் புடைத்தது. சடச்சியக்கா வீடு வீடாகப் போய்ச் சேர்த்தது. எத்தியாப்பட்டிக்காம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஏதோ ஊர் என்று நினைப்பு. லாரியில் போட்டுவிடலாமே என்கிறார்.
சிரித்துத் தொலைத்தேன். கடல் தாண்டிய தேசம், கப்பலில் போக எத்தனை நாளோ என்றேன். அக்காவும் கூட வந்த பெண்களும் மூட்டைகளைத் திருப்பித் தூக்கிப் போய்விட்டார்கள். சிரித்திருக்கக் கூடாது.

தை 11, வியாழன்
மறுபடி இரண்டு மூட்டையோடு சடச்சியக்கா. இந்த முறை உமியோடு.
"அவ்ளோ தூரம்னா குத்தாமதான் அனுப்பணும் டீச்சர். குத்துனா புழு வெச்சிடும்."
நேற்றையதை அவரவர் வீட்டில் கொடுத்துவிட்டு, வேறு அளந்து வாங்கினாராம். டீச்சர் டிரெயினிங் படித்த எனக்கு இது தோன்றவில்லை.

தை 13, சனி
முதல் பஸ். மூட்டைகள் மேலே, நானும் சடச்சியக்காவும் உள்ளே. அக்காவுக்கு வழியெல்லாம் வாந்தி.
கள்ளக்குறிச்சியில் பஞ்ச நிவாரணம் சேர்க்கும் இடம். பணமும் துணியும் மட்டும்தானாம், தானியம் வாங்குவதில்லையாம். கையை விரித்துவிட்டார்கள். அவ்வளவுதான், திரும்ப மலைக்குத்தான் என்று நினைத்தேன். அங்கே படம் எடுக்க வந்திருந்த நிருபர் அக்காவிடம், உங்களுக்கே பத்தாதே, எதுக்கும்மா என்று கேட்டார்.
"நாங்க கெழங்கு தோண்டித் தின்ன வருசம் எந்தப் பேப்பர்காரரும் வரலீங்க. எங்க பசி யாருக்கும் தெரியல. இவங்க பசி தெரிஞ்சிபோச்சே. தெரிஞ்சிக்கினு எப்டி சும்மா இருக்கிறது?"
நிருபர் எழுதுவதை நிறுத்தினார். பேப்பர் கொண்டுவரும் வேன் மெட்ராஸுக்குக் காலியாகத்தான் திரும்புமாம். அங்கே கப்பலில் ஏற்றுகிறவர்களைத் தெரியுமாம். ஒரு மூட்டையின் முனையை அவரே பிடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.
செய்தியில் போட எங்கள் பெயரெல்லாம் கேட்டுக்கொண்டார். நீங்க எந்த ஊர் டீச்சர் என்றார். பிறந்தது வளர்ந்தது மலைக்குக் கீழே வடக்கனந்தல். மலைக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம்.
நானும் மலைதான் என்றேன்.