ஒன் கிளப்புக்குப் பின் எட்டு வரி

ராயபுரம்,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தோழன் சாலமோனுக்கு,

சௌக்கத் அலி எழுதிக்கொண்டது. இறைவன் கருணையால் இங்கே நானும் ரஹீமுன்னிசாவும் சுகம். கோயம்புத்தூரில் நீயும் மகள் சினேகாவும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க எங்கள் துஆ. நீதான் போனை எடுப்பதில்லையே. கடிதம் மணி அடிக்காது, வந்து விழுந்துவிடும். அதனால் இந்த வழி.

நீ இங்கிருந்து மகள் வீட்டுக்குப் போனதிலிருந்து உன் செய்தியெல்லாம் சினேகா சொல்லித்தான் தெரிகிறது. பக்கவாதம் வந்த வலது கை இன்னும் பேனா பிடிக்கவில்லையாம், ஆனால் இடது கையால் நன்றாகச் சாப்பிடுகிறாயாம். பேச்சுதான் குழறுகிறதாம். "அப்பா யாரையும் பாக்க மாட்டேன்றாரு அங்கிள். 'பேஜாரு'ன்ற வார்த்தை மட்டும் சுத்தமா வருது" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு அழுதாள். பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்கு வேறு பார்ட்னரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நீ சைகை காட்டியதையும் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் கத்தி, ரஹீமுன்னிசாவிடம் நல்ல வசவு வாங்கினேன்.

நீ சொன்னாயே என்று வேறு ஆளையும் பார்த்தேன். வண்ணாரப்பேட்டை அஃப்ரித். கெட்டிக்காரப் பையன், நம்மைவிட நன்றாகவே ஆடுகிறான். எனக்குப் பலமான கை வந்தது, ஏலத்தை ஒன் கிளப் என்று திறந்தேன். தன் கையில் ஒன்றும் இல்லை என்று அவன் ஒன் டைமண்ட் வைத்தான். நான் பாட்டுக்கு ஒன் ஹார்ட் வைத்தேன். அது கேள்வி என்பதும், பதில் சொல்லியே ஆகவேண்டும் என்பதும் நம் இரண்டு பேர் ஏற்பாடு. அது அவனுக்கு எப்படித் தெரியும்? பாஸ் வைத்துவிட்டான். இரண்டே இரண்டு ஹார்ட்டோடு அந்த ஆட்டத்தை ஆடி மண்ணைக் கவ்வினேன். "இன்னா மாமு, ரெண்டு ஹார்ட்ட கைல வெச்சுகினா ஒன் ஹார்ட்டு போட்டீங்கோ?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எதிரே உட்கார்ந்திருப்பது நீ இல்லை என்பதே எனக்கு மறந்து போயிருந்தது, சாலமோன்.

அதற்குப் பிறகுதான் யோசித்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிரிட்ஜில் வாயை மூடிய பிள்ளைதான் பிழைக்கும். ஏலம் கேட்பதுகூடப் பெட்டியிலிருந்து சீட்டை எடுத்து வைத்துத்தானே? பார்ட்னர் வைத்த சீட்டுக்கு என்ன பொருள் என்று எதிராளி கேட்டால் மட்டும் வாயைத் திறக்க வேண்டும். நான் வைத்ததற்கு நீ சொல்ல வேண்டும், நீ வைத்ததற்கு நான். நாலு பேர் பார்க்க அங்கே குழறிவிடுவோமோ என்றுதானே நீ வர மறுக்கிறாய்? எனக்குத் தெரியாதா உன்னை.

ஆகவே ஒன் கிளப்புக்குப் பிறகு வருவதையெல்லாம் பிரித்துப் போட்டேன். ஏலத்தை யார் திறந்தாலும் கேள்வி கேட்பவன் நான், கையை விவரிப்பவன் நீ என்று மாற்றினேன். அப்படியானால் விளக்கம் சொல்லும் வேலை முழுக்க என் தலையில்தான். பெரிய மூளைக்காரன் மாதிரி அதை எடுத்துக்கொண்டு போய் ஆட்டம் நடத்தும் நவ்ரீனிடம் காட்டினேன். அந்தப் பெண் ஒரே நிமிடத்தில் கவிழ்த்துவிட்டாள். "அங்கிள், ஒரு ஜோடின்னா ரெண்டு பேருக்கும் ஒரே சிஸ்டம்தான். ஆளுக்கு ஒண்ணு ரூல்ல இல்ல" என்றாள். என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "எதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு அட்டையில தெளிவா அச்சடிச்சு வெச்சுக்கோங்க. அவரு வெரலால தொட்டுக் காட்னா போதும், நான் ஒத்துக்கறேன்" என்றாள்.

ஆனால் நம் சிஸ்டத்தை அட்டையில் அடக்குவது கூவத்தைக் குடத்தில் அடக்குகிற கதைதான். ஒன் கிளப் திறந்தவன் கேட்க வேண்டும், மற்றவன் பதில் வைக்க வேண்டும், இரண்டு பேருக்கும் அதே முறை. நீ திறந்து நான் வைக்கிற பதில்களைத்தான் நீ தொட்டுக் காட்டவேண்டும். இடது கை விரலுக்குச் சட்டென்று அகப்பட வேண்டுமே, அதனால் பெரிய எழுத்தில் எட்டு வரிக்கு மேல் கூடாது என்று வைத்துக்கொண்டேன். விம்கோ நகர் ரயிலில் போகும்போதும் வரும்போதும் நாம் கட்டிய ஏலக் கிளைகளில் பாதி போயிற்று. ஸ்பேடிலும் கிளப்பிலும் ஐந்தைந்து சீட்டு இருப்பதைக் காட்டும் பதில் போயிற்று. ஒரு இனத்தில் சீட்டே இல்லை என்று காட்டுவதற்கு நான் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்தேனே, அதையும் வெட்டிவிட்டேன். இருக்கட்டும், அது வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். நீ வாராவாரம் வேண்டும்.

அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். ஏழு வரி அச்சில் இருக்கிறது. முதல் வரியான ஒன் டைமண்ட் மட்டும் பென்சிலில். கையில் 'ஒன்றும் இல்லை' என்பது ஏழு பாயிண்ட் வரையா, எட்டு வரையா என்ற சண்டை நமக்குள் இன்னும் தீரவில்லையே. ஏழு என்று போட்டிருக்கிறேன். நீ இல்லாத நேரம் பார்த்து ஜெயித்துவிட்டதாகச் சொல்லாதே. அழித்துவிட்டு எட்டு என்று எழுத உன் இடது கை போதும்.

ரஹீமுன்னிசா காசிமேட்டு நெத்திலிக் கருவாடு அனுப்பியிருக்கிறாள். உப்பு குறைத்துச் சாப்பிடச் சொன்னாள். உனக்குக் கருவாட்டையும் அனுப்பிவிட்டு உப்பையும் குறைக்கச் சொல்வது அவள் நியாயம்.

அடுத்த மாத ஜோடிப் போட்டிக்கு நம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள். வருவதாக இருந்தால் சினேகா ஒரு வார்த்தை சொல்லட்டும், சென்ட்ரலுக்கு வந்து நிற்கிறேன். வரமாட்டேன் என்றால் அதை அவள் சொல்லி நான் கேட்கமாட்டேன், சைகையும் செல்லாது. நீயே போன் போட்டு உன் வாயால் சொல். எவ்வளவு குழறினாலும் சரி, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன். உன் குரலைக் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது, மாமு.

உன் ஆண்டவரும் என் அல்லாஹ்வும் உன்னைக் கைவிடாதிருக்கட்டும்.

என்றும் உன் பார்ட்னர்,
சௌக்கத் அலி