பட்டனை மட்டும் அமுக்கு

ரொமால்டோ,

மரவள்ளிக்கிழங்கு வெந்திருக்கிறது. தெரேரே மூலிகைத் தேநீருக்கு ஐஸ் தண்ணீரும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு இன்று மட்டும் மதியத் தூக்கம் போடாதே.

உன் கதிர்வீச்சுச் சிகிச்சை உரிமத்தைப் புதுப்பிக்கிற ஆன்லைன் வகுப்பு ஓடியபோதெல்லாம் நீ கால்பந்து பார்த்தாய். "இருக்கீங்களான்னு கம்ப்யூட்டர் அப்பப்போ கேட்கும், பட்டனை மட்டும் அமுக்கு. தையக்காரிக்கு வேற என்ன புரியப்போகுது!" என்றாய்.

அமுக்கிக்கொண்டே பாடத்தையும் கேட்டேன். போன வாரம் உன் பெயரில் ஒரு கேள்வியும் கேட்டேன். தலை அசையாமல் பிடித்துவைக்க முதல் நாள் அளவெடுத்துச் செய்த முகக்கவசம், சிகிச்சையின் நடுவில் நோயாளி இளைத்துப்போனால் தொளதொளத்துவிடாதா? தலை அசைந்தால் கதிர் இடம் மாறி விழாதா? கல்யாணத்துக்குள் இளைத்துவிடும் மணப்பெண்களின் கவுன்களை எத்தனை முறை பிடித்துத் தைத்திருக்கிறேன்!

வகுப்பெடுக்கும் அம்மா அசந்துபோய்விட்டார். இன்று நான்கு மணி வகுப்பில் நீ இதைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேச வேண்டுமாம். உங்கள் தலைமை மருத்துவரும் கேட்கப்போகிறாராம். "சந்தோஷமா பேசுறேன்" என்று உன் பெயரில் நானே பதில் போட்டுவிட்டேன்.

நீலச் சட்டையைத் தேய்த்து மாட்டியிருக்கிறேன்.

நான் எழுதிவைத்த நோட்டைத் தேடாதே, என் பையில் இருக்கிறது. அக்கா எமெரென்சியா வீட்டில்தான் இருப்பேன். அவள் காதுபட மன்னிப்புக் கேட்டால் நோட்டு உனக்கு.

நில்டா

பி.கு.: வரும்போது சூடாக நாலு சீபா ரொட்டி வாங்கி வா.

இன்னொன்று: வர ரோஷம் தடுக்கிறதா? பரவாயில்லை. நான்கு மணிக்குப் பட்டனை மட்டும் அமுக்கு.