ஓரத்தில் எழுதியவற்றை அழித்துத் தரக் கோரி

அனுப்புநர்:
காலணிக் கடை உரிமையாளர்,
பேருந்து நிலையத்தின் பின்வாசலுக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில்.
(என் பெயர்ப்பலகையை ஒரு விளம்பரத் தட்டி மறைத்திருக்கும். தட்டியில் இருப்பதும் செருப்புதான். என்னுடையது அல்ல.)

பெறுநர்:
வணிகக் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இரண்டாம் தளம்.

பொருள்: என் கடை வாடிக்கையாளர்கள் 1,340 பேரின் கால் அளவுத் தாள்களின் ஓரத்தில் நான் எழுதிய குறிப்புகளை இணைய விற்பனை நிறுவனம் ஒன்று தன் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுத்து, குறிப்புகளை அழிக்க உத்தரவிடக் கோருவது தொடர்பாக.

பார்வை: 1. அந்நிறுவனத்துக்கு நான் அனுப்பிய ஆறு மின்னஞ்சல்கள்.
2. ஆறுக்கும் வந்த ஒரே பதில்: "எங்கள் சேவை எப்படி இருந்தது? நட்சத்திரம் இடுங்கள்."

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காலணி விற்று வருகிறேன். என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருபவரைப் பழுப்புத் தாளின் மேல் நிற்கச் சொல்லி, இரண்டு கால்களையும் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்வேன். காலையில் வந்தால் மாலையில் வரச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். பகலெல்லாம் நடந்தபின் கால் சற்று வீங்கும், உண்மையான அளவு அப்போதுதான் தெரியும். தாளின் தலையில் வரிசை எண்ணும், புதுச் சரக்கு வந்தால் சொல்வதற்காகக் கைப்பேசி எண்ணும் எழுதுவேன். ஓரத்தில் சில குறிப்புகளையும் எழுதுவேன். அங்கேதான் வந்தது வினை.

2. குறிப்புகள் எப்படிப்பட்டவை என்று தாங்கள் கேட்கக்கூடும். ஒரு மாதிரி தருகிறேன். ஓர் ஆசிரியையின் தாளில் இவ்வாறு இருக்கும்: "ஆறு என்பார். ஏழு கொடு. பெட்டியில் ஆறு என்று ஒட்டு." இது மோசடி என்று தங்களுக்குத் தோன்றினால் தண்டனையை ஏற்கிறேன். ஆனால் பதினான்கு ஆண்டுகளாக அந்த அம்மையாரின் கால் கடித்ததில்லை, மனமும் நொந்ததில்லை. எனக்கு வாய் நீளம் என்பது தெருவே அறிந்த விஷயம். யார் வீட்டில் என்ன சண்டை என்பதை நான்கு கடை தள்ளி நின்று சொல்வேன். ஆனால் கால் விஷயத்தில் மட்டும் இன்றுவரை வாய் திறந்ததில்லை. எனக்கென்று இருந்த ஒரே ஒழுக்கம் அதுதான்.

3. என் மனைவியின் தம்பி ஒன்பது ஆண்டுகள் என்னுடன் கடையில் இருந்தார். அளவெடுக்கும் முக்காலி அவருடையது. என் தாள்களும் அதே அளவுக்கு அவருடையவை. பாதி அவர் கையெழுத்து. அவர் நான்கு மாதம் இணைய வணிகப் பயிற்சிக்குப் போய்வந்தார். போகும்போது செருப்பு விற்றார். வந்தபின் "வாடிக்கையாளர் அனுபவம்" விற்றார். இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, இது பேப்பர் இல்ல, டேட்டா. இவ்வளவு பேரோட காலை வெச்சுக்கிட்டு இன்னும் தெருவுல ஆள் வருதான்னு பாத்துக்கிட்டு இருக்கீங்களே" என்றார். இழுப்பறையில் கரப்பான்பூச்சி மட்டும்தான் இருக்கிறது என்று எண்ணியிருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை.

4. அந்த நிறுவனத்தின் தளத்தில் என் கடைக்கு ஒரு பக்கம் திறக்கப்பட்டது. தாள்களைப் படமெடுத்து ஏற்றினால், வீட்டிலிருந்தே சரியான அளவைத் தேர்ந்தெடுக்க உதவும் என்றார்கள். மூன்று வாரம் மதிய வேளைகளில் கடையைச் சாத்திவிட்டுப் படமெடுத்தோம். தாள் சுருளாமல் ஒரு மூலையை நானே பிடித்துக்கொண்டேன், மறு மூலையில் தேநீர்க் குவளையை வைத்தேன். பிறகு நாற்பத்திரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்று கைப்பேசியில் வந்தது. விரல் நோகத் தள்ளித் தள்ளி, அடியில் "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தான் தென்பட்டதும், பேருந்தில் இடம் கிடைத்தவன் போல நிம்மதியாக அழுத்தினேன். இதில் என் முட்டாள்தனத்தின் பங்கை நான் மறைக்கவில்லை.

5. முதல் ஏழு மாதம் ராஜபோகம். பார்த்திராத ஊர்களிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது. பக்கத்துப் பைக் கடைக்காரரிடம் வியாபார உத்தி பற்றி வகுப்பெடுத்தேன். அவர் கொட்டாவி விட்டதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

6. எட்டாம் மாதம் அந்நிறுவனமே சொந்தமாகக் காலணி வெளியிட்டது. விளம்பர வாசகம்: "உங்கள் காலை நாங்கள் அறிவோம்." அறிவார்கள்தான், நான்தானே சொல்லிக்கொடுத்தேன். என் கடையின் பெயரைத் தேடினாலும் அவர்கள் செருப்பு முதலில் வந்தது. நான் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தேன். இதற்காக மட்டும் மனு எழுதியிருக்க மாட்டேன். பெரிய கடை சின்னக் கடையை விழுங்குவது எனக்குப் புதிதல்ல. நானே ஒரு தள்ளுவண்டிக்காரரைக் காலி செய்துதான் இந்த இடத்துக்கு வந்தேன்.

7. பிறகு குறுஞ்செய்திகள் போகத் தொடங்கின. ஓரக் குறிப்புகளை இயந்திரம் படித்து, அவரவர் எண்ணுக்கு அவரவர் குறையைச் சொல்லி விற்கிறதாம். ஆசிரியைக்கு வந்தது: "உங்கள் அளவு ஆறு அல்ல, ஏழு. இனி உண்மையான அளவில் நடங்கள்." அவர் கடைக்கு வந்து, "ஏங்க, பதினாலு வருஷமா என்னை ஏமாத்தினீங்களா? ஆறுன்னு நம்பித்தானே ஸ்டாஃப் ரூம்ல எல்லார் காலையும் கிண்டல் பண்ணேன்" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அதன்பின் வரவில்லை.

8. இனி எழுதப்போவது சிரிப்புக்குரியதல்ல. ஒரு பெண்மணிக்கு இடது கால் அரை அங்குலம் குறைவு. அவர் யார், என்ன வேலை என்பதை இந்த மனுவில்கூட எழுத மாட்டேன். பதினோரு ஆண்டுகளாக அவர் வாங்கும் ஒவ்வொரு ஜோடியிலும் இடது செருப்பின் உள்ளே ஒரு தக்கை அட்டையை வைத்து, மேலே தோல் ஒட்டி, வெளியே தெரியாதபடி தருவேன். அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. முதல் நாள் அணிந்து நாலடி நடந்தார், என்னைப் பார்த்தார், அதே செருப்பிலேயே கிளம்பினார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. சென்ற மாதம் அவர் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி ஒலிக்க, மாமியார் எடுத்து உரக்கப் படித்திருக்கிறார்: "இடது கால் குட்டையா? வீட்டில் யாருக்கும் தெரியாமல் சமாளிக்கப் புதிய வடிவம், இன்று மட்டும் தள்ளுபடி."

மறுநாள் அவர் மூன்று ஜோடிச் செருப்புகளை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான் உங்ககிட்ட கேக்கவே இல்ல. கேட்டிருக்கணுமோ?" என்றார்.

9. என் மைத்துனர் இப்போது அந்நிறுவனத்தின் மண்டலச் சந்தைப்படுத்தல் தலைவர். நேரில் போய்க் கேட்டேன். கண்ணாடி அறை, குளிர்சாதனம், சுழலும் நாற்காலி. "மாமா, நான் எதையும் எடுக்கல. டிக் போட்டது நீங்க. நான் பக்கத்துல உக்காந்து டீதான் குடிச்சேன்" என்றார். ஓரக் குறிப்பையும் சேர்த்து விற்பார்கள் என்பது அவருக்கும் தெரியாது என்றார். நம்பினேன். வீட்டில் மனைவியிடம் அவருக்காக வாதாடவும் செய்தேன். அவள்தான், "என் தம்பி செஞ்சது தப்பு, சரி. நீங்க எதுக்கு அடுத்தவங்க காலைப் பத்தி எழுதி வெச்சீங்க?" என்று கேட்டாள்.

10. சென்ற வாரம், குறிப்புகளையாவது கிழித்துவிடலாம் என்று இழுப்பறையைத் திறந்து தாள்களை வரிசையாக எண்ணினேன். 211 இருந்தது, 213 இருந்தது. 212 இல்லை. நிறுவனம் எனக்கு அனுப்பிய ஏற்றிய தாள்களின் பட்டியலிலும் அந்த எண் ஒன்றுதான் இல்லை. 212 என் மைத்துனரின் தாள். கடையில் சேர்ந்த முதல் நாள் அவருக்கு நானே அளவெடுத்து, ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தேன்: "இவரை நெடுநேரம் நிற்க வைக்காதே." அந்த முக்காலியை வாங்கிப் போட்டதே அதற்காகத்தான். படமெடுக்கத் தொடங்கும் முன், 1,341 தாள்களில் தன்னுடையதை மட்டும் அவர் உருவி எடுத்திருக்கிறார். ஓரக் குறிப்புகள் எங்கே போகும் என்று தெரியாதவர் அதைச் செய்திருக்க மாட்டார். தாளின் மூலையை நான் பிடித்துக்கொண்டிருந்தபோதே அவருக்குத் தெரியும்.

11. வரும் முதல் தேதி முதல் இந்த விவரங்களைக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் திருமணத் தகவல் தளங்களுக்கும் தரப்போவதாக அந்நிறுவனம் அறிவித்துள்ளது. என் தாள்களில் மணமாகாதவர்கள் நூற்றுப்பத்துப் பேர் இருக்கிறார்கள். பன்னிரண்டு நாட்களே உள்ளன.

எனவே, தாங்கள் அன்புகூர்ந்து,

அ) ஓரக் குறிப்புகள் அனைத்தையும் அந்நிறுவனம் அழிக்கவும், அழித்ததை எழுத்தில் உறுதிசெய்யவும் உத்தரவிட வேண்டுகிறேன். கால் வரைவுகளை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். வியாபாரம் போனது போனதுதான்.

ஆ) பத்தி எட்டில் கண்ட பெண்மணியின் வீட்டாருக்கு, அந்தச் செய்தி பொதுவாக எல்லோருக்கும் தவறுதலாகச் சென்ற ஒன்று என்று நிறுவனம் கடிதம் அனுப்ப ஆவன செய்ய வேண்டுகிறேன். இது பொய்தான். பெட்டியில் ஆறு என்று ஒட்டியவன் கேட்கும் பொய்.

இ) விசாரணைக்கு என்னையும் என் மைத்துனரையும் ஒருசேர அழைப்பீர்கள். தங்கள் அலுவலகத்தில் வரிசை நீளம் என்று கேள்விப்பட்டேன். நான் எத்தனை மணி நேரமும் நிற்பேன். அவருக்கு மட்டும் ஒரு நாற்காலி போடச் சொல்லவும். காரணம் கேட்டால் நான் சொல்ல மாட்டேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கி,

இடம்: கடை, அளவெடுக்கும் முக்காலி
நாள்: இம்மாதம் 19

(ஒப்பம்)
காலணிக் கடை உரிமையாளர்

இணைப்பு:
1. நிறுவனத்தின் பெயரும் முகவரியும் (மனுவில் எழுதினால் அதுவும் இலவச விளம்பரமாகும் என்பதால் தனித்தாளில்).
2. ஏற்றிய தாள்களின் பட்டியல் நகல்.
3. கால் அளவுத் தாள்கள்: இணைக்கப்படவில்லை.