யெராவின் கல்லறையை முழுதாக்க வேண்டாம்

அனுப்புநர்
சில்வெஸ்டர் கோக்லோட் (வயது 68),
ஓய்வுபெற்ற ரயில்வே கேட் கீப்பர்,
கீழ் லிபோவா, கொரிட்ஸியா மாவட்டம்,
இத்தாலி.

பெறுநர்
உயர்திரு எல்லைத் திருத்த அலுவலர் அவர்கள்,
கொரிட்ஸியா.

பொருள்: லிபோவா கல்லறைத் தோட்டத்தின் நடுவே செல்லும் நாட்டெல்லையை வரும் மார்ச்சில் நகர்த்தும்போது, என் மனைவி யெரா அடங்கியுள்ள இடத்தை இத்தாலிக்குள் சேர்க்க வேண்டாம் எனக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1) 1947ஆம் ஆண்டுப் பாரிஸ் சமாதான ஒப்பந்தம். 2) கீழ் லிபோவா ஊர்மக்கள் தங்களிடம் அளித்த மனு (அதிலுள்ள கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகம் எங்கள் ஊருக்கு ஒரு நன்மை செய்ய முடிவெடுத்திருக்கிறது. அந்த நன்மையிலிருந்து எனக்கு மட்டும் விலக்குக் கேட்டு இதை எழுதுகிறேன். வீடு தேடி வரும் நல்லதை வேண்டாம் என்று மனுப்போட்டுத் தடுப்பவன் கிறுக்கனாகத்தான் இருப்பான் என்று தங்களுக்குத் தோன்றலாம். எங்கள் பாதிரியாருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆகவே கடைசி வரை படித்துவிட்டு முடிவெடுக்கும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. தாங்கள் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று அறிகிறேன். எனவே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே தம்பதியரில் ஒருவர் போய்விட்டால் கல்லில் இருவர் பெயரையும் சேர்த்தே செதுக்கிவிடுவோம். இருப்பவரின் பெயருக்கு எதிரே பிறந்த ஆண்டு இருக்கும். அதையடுத்து ஒரு சிறு கோடு, பிறகு 19 என்ற இரண்டு இலக்கங்கள். மீதி இரண்டு இலக்கங்களுக்கு இடம் விட்டுவைப்பார்கள். 1944இல் யெரா நெஞ்சுச்சளியில் இறந்தபோது எங்கள் கல்லும் அப்படித்தான் எழுந்தது. இடப்பக்கம் அவள், வலப்பக்கம் நான். என் பெயரை நானே படித்துக்கொண்டு அவளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதில் எனக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. மண்ணுக்குள் எனக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

3. 1947 செப்டம்பரில் எல்லை வந்தது. எங்கள் ஊர் கீழ் லிபோவா, மேல் லிபோவா என்று இரண்டு தெருக்கூட்டம். நடுவே கல்லறைத் தோட்டம். கீழே இத்தாலி என்றும் மேலே யூகோஸ்லாவியா என்றும் ஆனபோது, நடுவில் இருந்த தோட்டம் இரண்டாகப் பிளந்தது. சுண்ணாம்பு வாளியோடு கோடு போட்டு வந்த சிப்பாய், எங்கள் கல்லருகே வந்ததும் நின்று தொப்பியைக் கழற்றினான். இரண்டு பெயர்களையும் படித்தான். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு இரண்டுக்கும் நடுவே கோட்டை இழுத்தான். அவனை நான் குறை சொல்லவில்லை. வரைபடம் அப்படி இருந்தது. அடுத்த வாரம் அந்தச் சுண்ணாம்பின் மேல் முள்கம்பி வந்தது. எங்கள் கல்லின் பின்னால் வந்து, தலைமேல் ஏறி, முன்னால் இறங்கிப் போகிறது. யெரா யூகோஸ்லாவியாவில் இருக்கிறாள். என் காலியிடம் இத்தாலியில் இருக்கிறது.

4. சமாதானத்தின் மேல் எனக்குப் பகை இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் பேரரசரின் படையில், கலீசியாப் போர்முனையில் கிடந்தவன் நான். திரும்பி வந்தபோது எங்கள் பள்ளத்தாக்கில் கூரையுள்ள வீடு ஒன்றுகூட இல்லை. எந்தச் சமாதானமும் எந்தப் போரைவிடவும் மேல் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஆனால் ஐயா, முப்பது வருடம் கேட் போட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கேட்டை மூடுவதும் வேலைதான். வண்டிக்காரன் திட்டினாலும் மூடித்தான் ஆக வேண்டும். ஆனால் ரயில் போன பிறகும் மூடியே வைத்திருந்தால் என்னை வேலையை விட்டு நீக்கியிருப்பார்கள். போர் போய் ஏழு வருடம் ஆகிறது.

5. என் ஒரே மகள் ஸ்லாவ்கா மேல் லிபோவாவில் வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுச் சமையலறைச் சன்னலிலிருந்து அவள் வீட்டுப் புகைபோக்கி தெரியும். எல்லை கடக்கும் சீட்டுக் கேட்டு இங்குள்ள அலுவலகத்துக்குப் போனேன். அந்தப் பக்கத்தில் நிலமோ திராட்சைத் தோட்டமோ இருந்தால்தான் சீட்டு என்றார்கள். மகள் இருக்கிறாள் என்றேன். மகள் நிலம் ஆகமாட்டாள் என்று பொறுமையாக விளக்கினார்கள். அவர்கள் சட்டப்படி சரியாகவே சொன்னார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

6. அவளுக்கும் இதே கதைதான், ஒரு வித்தியாசத்துடன். மேல் லிபோவாக்காரர்கள் முள்கம்பி அருகே வருவதற்கு அவர்கள் காவல்நிலையத்தில் தனிச்சீட்டு வாங்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் நாட்டுப் பகுதிக்குள் சொந்தக் கல்லறை இருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் சீட்டு கிடைக்கும். ஞாயிறு முற்பகலில் வந்து கல்லறையைத் துப்புரவாக்கலாம், பூ வைக்கலாம், பிரார்த்தனை செய்யலாம். கம்பிக்கு இந்தப் பக்கம் இருப்பவரோடு பேசக் கூடாது.

7. ஸ்லாவ்கா அந்தச் சீட்டோடு முதல்முறை வந்த ஞாயிறன்று நான் என் பக்கத்தில் நின்றிருந்தேன். "அப்பா" என்று ஆரம்பித்ததுமே காவலர் வந்துவிட்டார். அவர்கள் நாட்டின் தென்கோடியில், எங்கோ மாசிடோனியாப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் பெயர் எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேசக் கூடாது என்றார். என் மகள் அவள் அம்மாவைப் போல, வாயை மூடச் சொன்னால்தான் திறப்பாள். "நான் எங்கம்மாகிட்ட பேச வந்திருக்கேன். செத்தவங்ககிட்ட பேசக்கூடாதுன்னு உங்க சட்டத்துல எழுதியிருக்கா?" என்று கேட்டாள். அவர் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டார். பிறகு, "செத்தவங்களோட எவ்வளவு வேணும்னாலும் பேசிக்கம்மா. உசிரோட இருக்கறவங்களோட பேசாத" என்று சொல்லிவிட்டுப் பத்தடி தள்ளிப்போய் நின்றார். அன்று அவர் சொன்ன விதியை இன்றுவரை நாங்கள் ஒருமுறைகூட மீறவில்லை. இதற்குக் காவலரே சாட்சி.

8. ஆகவே என் மகள் என்னோடு பேசுவதில்லை. அவள் அம்மாவோடு பேசுகிறாள். நானும் என் மனைவியோடு பேசுகிறேன். ஒரே நேரத்தில் இருவர் பேசுவதால் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழுகிறது. அது காற்றின் செயல். தாங்கள் எந்த முடிவுக்கும் வருமுன், அங்கே பேசப்படுவதில் அரசியல் எதுவும் இல்லை என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். போன குளிர்காலத்தில் ஸ்லாவ்கா சொன்னது: "அம்மா, ரெண்டு வாரமா இருமல் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது. சுருட்ட விட்டாச்சான்னு கேளு." அதற்கு நான்: "யெரா, விட்டு மாசம் ஒண்ணாச்சுன்னு உம் பொண்ணுகிட்ட சொல்லு." அதற்கு அவள்: "அம்மா, நீ அங்க படுத்திருக்கறதால உனக்குத் தெரியல. கோட்டுப் பையில துருத்திக்கிட்டு நிக்குது." காவலர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

9. உண்மையைச் சொன்னால் இது எங்களுக்குப் புதிய பழக்கமே அல்ல. எங்கள் வீட்டில் நானும் மகளும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது குறைவு. இருவருக்கும் ஒரே மாதிரி முன்கோபம். சோற்று மேசையில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்துகொண்டு, "அப்பாகிட்ட சொல்லும்மா", "அவகிட்ட சொல்லி வை" என்று நடுவில் இருக்கும் யெராவிடம்தான் எறிவோம். அவள் இரண்டு பக்கத்துக் காரத்தையும் எடுத்துவிட்டு மறுபக்கம் பரிமாறுவாள். பாரிஸில் கூடியவர்கள் எங்கள் வீட்டு மேசையைப் பார்த்துத்தான் கம்பி போட்டார்களோ என்று சில சமயம் நினைப்பேன். அவள் இருந்த இடத்தில்தான் அந்தக் கம்பி ஓடுகிறது.

10. மூன்று வருடத்துக்கு முன் ஈஸ்டர் முடிந்த ஞாயிறன்று ஸ்லாவ்கா ஒரு துணிப்பொதியோடு வந்தாள். "அம்மா, உனக்குப் பேத்தி பொறந்திருக்கா. வேஸ்னான்னு பேரு வெச்சிருக்கோம். மூக்கப் பாரு, யாரோட மூக்குன்னு சொல்லு" என்று கல்லுக்கு நேரே தூக்கிக் காட்டினாள். அது என் மூக்கு. நான் தாத்தாவானது எனக்கு இப்படித்தான் தெரியும். அன்று நான் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "அம்மா, அங்க யாராவது அழறாங்களா?" என்று கேட்டாள். "இல்ல யெரா, சளி" என்றேன். அந்தக் குழந்தையை நான் இன்னும் தொட்டதில்லை. கல்லின் உயரத்தை வைத்துத்தான் அவள் வளர்வதை அளந்துகொள்கிறேன். இப்போது பாட்டியின் பெயர் செதுக்கிய வரிக்கு வந்திருக்கிறாள்.

11. இனி, தங்கள் நன்மைக்கு வருகிறேன். சென்ற மே மாதம் தங்கள் பொறியாளர் ஒருவர் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். நல்ல மனிதர். வெட்டுப்பட்ட கல்லறைகளைப் பார்த்து மனம் வருந்தினார். கீழ்ப்பக்கத்துப் புல்வெளியில் ஒரு துண்டை அவர்களுக்குக் கொடுத்து, தோட்டத்தில் கோட்டை இரண்டு மீட்டர் மேலே தள்ளினால் எல்லாக் கல்லறையும் முழுதாக இத்தாலிக்கு வந்துவிடும் என்றார். எதிர்த்தரப்பும் ஒப்புக்கொண்டதாகக் கேள்வி. ஊரே மகிழ்ந்தது. பாதிரியார் பூசை முடிந்ததும் மனுவைப் பீடத்தருகே விரித்தார். வரிசையில் நின்று நானும் கையெழுத்துப் போட்டேன். மனைவி முழுதாக நம் பக்கம் வரப்போகிறாள் என்றால் எந்தக் கணவன் கையெழுத்துப் போட மாட்டான்?

12. அடுத்த ஞாயிறு யெராவிடம் இதைச் சொன்னேன். கம்பிக்கு அப்பால் ஸ்லாவ்கா களையைப் பிடுங்கி முடித்தாள். பிறகு நிமிர்ந்து, "அம்மா, உன்ன அந்தப் பக்கம் எடுத்துக்கிட்டா எங்க நாட்டுல எனக்குக் கல்லறை கிடையாது. கல்லறை இல்லேன்னா சீட்டு கிடையாது. கையெழுத்துப் போட்டவருக்கு இது தெரியுமான்னு கேளு" என்றாள்.

13. தெரியாது ஐயா. எனக்குத் தெரியாது.

14. பாதிரியாரிடம் ஓடினேன். என் பெயரை அடித்துவிடக் கேட்டேன். "என்ன மனுஷன்யா நீ? பொண்டாட்டி கல்லறை ரெண்டு துண்டா கெடக்கணும்னு வேண்டிக்கறவன இப்பத்தான் பாக்கறேன்" என்றார். "சாமி, அது துண்டா கெடக்கற வரைக்கும்தான் எங்குடும்பம் ஒண்ணா இருக்கும்" என்றேன். அவர் கோபம் தணிந்து எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆனால் மனு முந்தின நாளே தபாலில் போய்விட்டிருந்தது.

15. வேறு யார் நன்மைக்கும் நான் குறுக்கே நிற்க விரும்பவில்லை. வெட்டுப்பட்ட மற்றக் கல்லறைகளின் சொந்தக்காரர்கள் எல்லோரும் இந்தப் பக்கத்துக்காரர்கள். கம்பி விலகினால் அவர்கள் முழங்கால் போட இடம் கிடைக்கும். எங்கள் கல்லோ வரிசையின் கடைசியில், மதிற்சுவரை ஒட்டி இருக்கிறது. மற்றவர்களைச் சுற்றி மேலே போகும் கோடு, எங்கள் கல்லுக்கு வரும்போது மட்டும் பழைய இடத்துக்கே இறங்கிக்கொள்ளலாம். இது வழக்கத்தில் இல்லாதது என்று சொல்லிவிட வேண்டாம். இதே கோடு எங்கள் ஊரில் ஒரு மாட்டுத்தொழுவத்துக்காக வளைந்திருக்கிறது. ஒரு வால்நட் மரத்துக்காகவும் வளைந்திருக்கிறது. மாட்டுக்கும் மரத்துக்கும் காட்டிய தயவைத்தான் கேட்கிறேன்.

16. எனவே, ஊர்மக்கள் மனுவிலுள்ள என் கையெழுத்தைச் செல்லாததாகக் கொண்டு, என் கல்லின் நடுவே செல்லும் முள்கம்பியை இப்போதுள்ள இடத்திலேயே, இரண்டு பெயர்களுக்கும் நடுவிலேயே, விட்டுவைக்குமாறு மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் இறந்து என் இடத்துக்குப் போன பின்பும் அது அங்கேயே இருக்க வேண்டும்.

17. இதை ஏன் கேட்கிறேன் என்றால், எனக்கு வயதாகிறது. என் பெயருக்கு எதிரே மீதி இரண்டு இலக்கங்களையும் செதுக்கும் நாள் அதிக தூரத்தில் இல்லை. அதன்பின் காவலர் சொன்ன விதிப்படியே என் மகள் என்னோடு நேரடியாகப் பேசலாம். "அப்பா" என்று கூப்பிடலாம். எந்த நாட்டுச் சட்டமும் அவளைத் தடுக்க முடியாது. அதுவரை எங்கள் இருவருக்கும் நடுவே அவள் அம்மா வேண்டும்.

தங்கள் கருணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) சில்வெஸ்டர் கோக்லோட்

இடம்: கீழ் லிபோவா
நாள்: 19 அக்டோபர் 1952, ஞாயிறு, கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பின்